கூனுக்கு வெட்டிய பள்ளம்

விமலேஸ்வரி கிணற்றடியில் குந்தியிருந்து ஒரு பழைய மண்சட்டியைத் தும்பால் தேய்த்துக்கொண்டிருந்தாள். வெளிப்புறம் செம்மண் நிறம். உள்ளே, அடுப்புக் கரியல்லாத ஒரு கறுப்பு, எண்ணெய் பூசியதுபோல மினுங்கியது. விளிம்புக்குச் சற்றுக் கீழே இரண்டு நிறங்களும் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. அந்த இடத்துக்கு வந்ததும் அவளுடைய கை தானாக மெதுவாகிவிடும். சட்டிக்குள் இறுகியிருந்த மண்ணை முன்பே ஈர்க்கால் கிண்டி வாழையடியில் கொட்டியிருந்தாள். மாவைப்போல மென்மையான, சாம்பல் நிற மண். அதற்குள் சுண்ணாம்புக் கட்டி போன்ற சில வெள்ளைத் துணுக்குகளும் கிடந்தன. வாழைக்கு நல்லது என்று நினைத்துக்கொண்டாள்.

"கவனம், விளிம்பு உடைஞ்சுபோம்," என்றார் அவளுடைய கணவர் ஐயாத்துரை, மருந்துச்சாலையின் பின்கதவில் நின்றபடி. "பிரக்கிராசியார் பத்து மணிக்கெல்லாம் வந்திடுவார். அதை அலுமாரியில நடுத்தட்டில வையும்."

ஐயாத்துரை அந்த அரசாங்க மருந்துச்சாலையின் அப்போதிக்கரி. கனகராயன்குளத்திலிருந்து காட்டுப் பாதையில் உள்ளே போனால் நொச்சிமடுக் குடியேற்றம் வரும். யாழ்ப்பாணத்தில் ஒரு துண்டு நிலமும் இல்லாமல் மற்றவர்களின் புகையிலைத் தோட்டங்களில் கூலிக்கு நின்ற குடும்பங்களுக்கு அரசாங்கம் அங்கே காடு கொடுத்திருந்தது. காட்டை வெட்டி வயலாக்குவது அவர்கள் பாடு. பாலை, முதிரை மரங்கள் வேரோடு பெயர்க்கப்பட்டபோது நிலத்துக்குள்ளிருந்து பெரிய கற்பலகைகள் வெளியே வந்தன. பலகைகளுக்குக் கீழே சட்டிகள் இருந்தன, சிவப்பு மணிகள் இருந்தன, இரும்புத் துண்டுகள் இருந்தன. எலும்பும் இருந்தது. எலும்பை ஒருவரும் கொண்டுவருவதில்லை. வெட்டிய மரங்களைக் கொளுத்தும் தீயிலோ, புற்றடியிலோ அது போய்விடும்.

முதல் சட்டியைக் கொண்டுவந்தவன் ஏரம்பு. கோடரி பட்டுப் பிளந்த பாதத்தோடு வண்டிலில் கிடத்திக் கொண்டுவரப்பட்டவன். ஐயாத்துரை தைத்துக் கட்டி, கிழமைக்கணக்காக மருந்து மாற்றி, அந்தக் காலை அவனுக்குத் திருப்பிக் கொடுத்தார். நடக்கத் தொடங்கிய அன்று ஏரம்பு தலைப்பாகைத் துணியில் சுற்றி ஒரு சட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். ஐயாத்துரை அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அவருடைய முகத்தில் அப்படியொரு பிரகாசத்தை விமலேஸ்வரி அதற்கு முன் கண்டதில்லை. ஏரம்புவும் அதைக் கண்டான். அப்போதிக்கரி ஐயாவுக்குப் பழஞ்சாமான் விருப்பம் என்ற கதை கொலனி முழுக்கப் பரவிவிட்டது. காய்ச்சல் சுகமானவர்கள், பிள்ளை பெற்றவர்கள், தேள்கடி ஆறினவர்கள் எல்லோரும் சட்டியோடு வந்தார்கள். கொஞ்ச நாளில், காடு வெட்டும்போது தற்செயலாய் அகப்படுவது போய், கல்லைத் தேடிப்போய்ப் புரட்டுவது வழக்கமாயிற்று. அதைக் களவு என்று ஒருவரும் நினைக்கவில்லை. ஐயாத்துரையும் நினைக்கவில்லை. நன்றியோடு கொண்டுவருகிறார்கள், வாங்காமல் விட்டால் மனம் நோகும் என்றுதான் சொல்வார்.

விமலேஸ்வரி கலியாணத்துக்கு முன் சித்திரம் படிப்பித்தவள். குவாட்டேர்ஸின் முன்னறை அலுமாரி நிறைய நிறைய, ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்துப் படம் வரைந்தாள். தாளில் ஒவ்வொரு சட்டியும் தனியாக, வெள்ளை வெளியில், நிழலோடு நின்றது. சிவப்பு மணிகளைப் பட்டு நூலில் கோத்துத் தனக்கொரு மாலையும் செய்துகொண்டாள். சின்னதிலிருந்து பெரிதாகி மறுபடி சின்னதாகும்படி, பார்வைக்கு வடிவாய், அவளாகவே ஒழுங்குபடுத்திக் கோத்தது. செட்டிகுளத்தில் ஒரு கலியாணவீட்டில் பெண்கள் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். அன்று பிரக்கிராசியார் வருகிறார் என்பதால் அதை அணிந்திருந்தாள்.

பிரக்கிராசியார் சிற்றம்பலம் யாழ்ப்பாணத்திலிருந்து சாம்பல் நிற ஓஸ்ரின் காரில் வந்தார். நெடிய, மெலிந்த மனிதர். ஐம்பத்தெட்டுக் கலவரத்துக்கு முன் தெற்கில் ஒரு பட்டினத்தில் நல்ல பெயரோடு வழக்கறிஞர் தொழில் செய்தவர். அந்த வருஷம் உடுத்த உடுப்போடு கப்பலில் ஏற்றப்பட்டு வந்து இறங்கியவர். வீட்டையும் புத்தகங்களையும் பற்றி ஒருபோதும் பேசமாட்டார். அதற்குப் பிறகு மூன்று வருஷமாகப் பழைய சாமான்களைத் தேடி வன்னியெல்லாம் அலைந்தார். பத்திரிகைகளில் அவற்றைப் பற்றி எழுதினார். அலுமாரியைத் திறந்ததும் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"ஐயாத்துரை, நீர் என்ன வைச்சிருக்கிறீர் எண்டு உமக்கே தெரியாது. இரண்டாயிரம் வருஷம் இருக்கும். கூடவாயும் இருக்கும்." மண்ணால் செய்த ஒரு தடித்த வளையத்தை எடுத்து மணிக்கட்டில் போட்டுப் பார்த்தார். "இது கைக்காப்பு. எவ்வளவு பெரிய கையள் பாரும். நாங்கள் நேத்து வந்து குந்தின சனம் எண்டு சொல்லுறவைக்கு நான் இதைத்தான் காட்டப்போறன்."

அவருடைய குரல் கொஞ்சம் நடுங்கியதை விமலேஸ்வரி கவனித்தாள். தேத்தண்ணிக் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"ஆனால் ஒண்டு குறையுது," என்றார் சிற்றம்பலம். "முழுசா ஒரு இடம் வேணும். எல்லாம் இருந்தது இருந்தபடி. ஒரு படம் பிடிச்சுப் போட்டால் பிறகு ஒருத்தரும் வாய் திறக்க ஏலாது."

அவர் தேத்தண்ணியைக் குடித்து முடிப்பதற்குள் ஏரம்பு சைக்கிளில் வந்து முற்றத்தில் குதித்தான். முழங்கால்வரை சேறு.

"ஐயா, என்ர காணிக்குப் பக்கத்தில புது வாய்க்கால் வெட்டினமெல்லே, ராத்திரி மழைக்குக் கரை இடிஞ்சு விழுந்து போச்சு. உள்ள பெரிய கல்லு ஒண்டு, மூடினபடி கிடக்குது. நான் கை வைக்கேல்லை. உங்களுக்குக் காட்டிப்போட்டு எடுப்பமெண்டு ஓடி வந்தனான்."

"வேற ஆரும் தொட்டவையோ?" என்று கேட்டவர் சிற்றம்பலம். எழுந்து நின்றுவிட்டார்.

"இல்லை. ஆனால் வாய்க்கால் வேலை பாக்கிற ஓவசியர் நாளைக்கு ஆக்களோட வாறாராம். கல்லை உடைச்சு மதகடிக்குப் போடப்போகினமாம். வாய்க்கால் அதுக்கு மேலாலதான் போகுது."

எல்லோரும் காரில் ஏறினார்கள். விமலேஸ்வரி படத்தாளையும் பென்சிலையும் தூரிகைகளையும் எடுத்துக்கொண்டாள். கார் போகக்கூடிய தூரம் போய், பிறகு நடந்தார்கள். எரித்த காட்டின் கரிந்த அடிக்கட்டைகளுக்கு நடுவே மழைநீர் தேங்கிக் கிடந்தது. வாய்க்கால் சிவப்பாய், பச்சைக் காயம்போலத் திறந்து போய்க்கொண்டிருந்தது. அதன் ஒரு பக்கக் கரை சரிந்த இடத்தில், மனிதன் நெஞ்சளவு ஆழத்தில், கற்பலகை தெரிந்தது. கட்டிலைவிடப் பெரிது. ஓரங்களில் மற்றப் பலகைகள் நிறுத்தப்பட்டு, இடுக்குகளில் களிமண் அப்பப்பட்டு, ஒரு பெட்டியைப் போல இருந்தது.

ஏரம்புவும் பக்கத்துக் காணிக்காரர் சிலரும் அலவாங்கைக் கொடுத்து நெம்பினார்கள். பாலைத் தடி ஒன்றை உருளையாக வைத்தார்கள். கல் முதலில் அசையவில்லை. பிறகு உள்ளிருந்து ஒரு மூச்சு வெளியே வந்தது. அப்படித்தான் விமலேஸ்வரிக்குத் தோன்றியது: குளிர்ந்த, காய்ந்த, ஒரு மணமுமில்லாத காற்று அவள் முகத்தில் பட்டது. கடைசியாக அந்தக் காற்றை ஆர் சுவாசித்திருப்பார்கள் என்று நினைத்தபோது அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. கல் உருண்டு விலகியது. வெயில் உள்ளே விழுந்தது.

எல்லோரும் குனிந்தார்கள்.

உள்ளே மண் நிரம்பியிருக்கும் என்று எதிர்பார்த்திருந்தார்கள். இல்லை. களிமண் பூச்சு காத்திருந்தது. மெல்லிய தூசி மட்டும் எல்லாவற்றின் மீதும் ஒரே சீராகப் படிந்திருந்தது. கால்மாட்டில் ஒரு பெரிய பானை நின்றது. அதன் வாயை ஒரு சட்டி கவிழ்ந்து மூடியிருந்தது. தலைமாட்டில் சின்னச் சட்டிகள். அவற்றின் அடிகள் உருண்டை. உருளாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு மண் வளையம். விமலேஸ்வரி அந்த வளையங்களையே பார்த்தாள். வீட்டில் குசினியில் பானை வைக்க அவள் வைக்கோலால் முறுக்கி வைத்திருக்கும் திருகணையேதான். சற்று முன் பிரக்கிராசியார் கையில் போட்டுப் பார்த்தது அது. அவரும் கண்டுவிட்டார் என்பது தெரிந்தது. அவருடைய விரல்கள் தன் மணிக்கட்டைத் தடவின. அவள் அவருடைய கால்களைப் பார்த்தாள். எப்போது கழற்றினாரோ, சப்பாத்துகள் பின்னால் கிடந்தன. வெள்ளைக் காலுறையோடு சேற்றில் நின்றார்.

நடுவில் அந்த ஆள் கிடந்தார். மல்லாந்து, கைகள் பக்கத்தில் நீட்டி, காய்ந்த தென்னோலை நிறத்தில் எலும்புகள். கழுத்து இருந்த இடத்திலிருந்து நெஞ்சுக் கூட்டுக்குள் சிவப்பு மணிகள் இறங்கிப் போயின. நூல் எப்போதோ உக்கிப்போயிருந்தது. ஆனால் மணிகள் அசையவில்லை. ஒன்றையொன்று தொட்டபடி, கோத்தவர் கோத்த ஒழுங்கிலேயே, இல்லாத நூலைச் சுற்றி வளைந்து நின்றன. ஒரு பெரிய மணி, இரண்டு சின்னன், மறுபடி ஒரு பெரிசு. விமலேஸ்வரி தன்னுடைய கழுத்தில் கை வைத்தாள். வெயிலில் அந்த மணிகள் சுட்டன. சேலைத் தலைப்பை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டாள்.

ஐயாத்துரை வாய்க்காலுக்குள் இறங்கி, கரையில் வயிறு பட வளைந்து, உள்ளே எட்டிப் பார்த்தார். "விமலம், உம்மட மெல்லிய தூரிகை ஒண்டைத் தாரும்," என்றார். தூசியை ஊதாமல், விரல் படாமல், கண்ணுக்கு மருந்து போடும்போது வரும் அதே கவனத்தோடு நெஞ்செலும்புகளுக்கிடையே தட்டித் தட்டி விலக்கினார். பிறகு நிறுத்தினார்.

"இஞ்சை வாரும். இந்த முள்ளந்தண்டைப் பாரும்."

அவள் பக்கத்தில் இறங்கிக் குனிந்தாள். எலும்புக் கட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, நடுவில் கரைந்து, ஒன்றோடொன்று ஒட்டி, கூர்ப்பாக வளைந்து கீழே போய், மறுபடி ஏறின.

"காசம். முள்ளந்தண்டில பிடிச்சால் இப்பிடித்தான் எலும்பைத் தின்னும். சின்ன வயசில வந்து, மாறி, இறுகிப்போச்சு. பிறகு கனகாலம் இருந்திருக்கிறார். பல்லுத் தேஞ்சு கிடக்கிறதைப் பாரும்." அவருடைய குரல் தாழ்ந்தது. "இந்த மனிசன் கூன். நல்ல பெரிய கூன்."

மேலே நின்ற ஏரம்பு குந்தினான். "அது எப்பிடி ஐயா? கூனெண்டால் மல்லாத்திக் கிடத்த ஏலாது. தலை நிலத்தில படாது. கால் ஒருபக்கம் எழும்பும்." கொஞ்சம் பொறுத்துச் சொன்னான்: "என்ர பெரியையா கூன். செத்தபோது பாடையில நேராக் கிடத்த ஏலாமல் கயிறு போட்டு இழுத்துக் கட்டினவை. எலும்பு முறிஞ்ச சத்தம் எனக்குக் கேட்டது. சிலபேர் சிரிச்சவை."

ஐயாத்துரை மறுபடி தூரிகையை எடுத்தார். தரை களிமண் மெழுகிய தரை, மட்டமாக இருந்தது. விலா எலும்புகளின் ஓரத்துக்கு வந்ததும் தூரிகை கீழே போயிற்று. தூசியை விலக்க விலக்க அது இன்னும் கீழே போயிற்று. தரை அங்கே உள்வாங்கி வட்டமாக வளைந்தது. அவர் ஓரத்தையே பின்தொடர்ந்து சுற்றி வந்தார். ஒரு கிண்ணம்போல, முதுகின் அளவுக்கு, ஒரு பள்ளம். வெட்டியபின் ஈரக் களிமண் பூசி வழுவழுப்பாக்கியிருந்தார்கள். பக்கச் சுவரில் ஒரு கையின் நாலு விரல்கள் இழுத்த கோடுகள் அப்படியே கிடந்தன. அந்தப் பள்ளத்துக்குள்தான் கூன் போய் அமர்ந்திருந்தது. அதனால்தான் தலை தரையில் பட்டிருந்தது, தோள்கள் மட்டமாய் இருந்தன, கால்கள் நீண்டிருந்தன. உயிரோடிருந்த காலமெல்லாம் ஒருநாளும் அப்படி நிமிர்ந்து படுத்திருக்க முடியாத ஒருவர், எல்லோரையும்போல வானத்தைப் பார்த்துக் கிடந்தார்.

விமலேஸ்வரி அந்த விரல்கோடுகளைப் பார்த்தாள். மற்றச் சட்டிகளையெல்லாம் பார்த்தபோது வந்தது அழகு பற்றிய மகிழ்ச்சி. இது வேறு. குனிந்து நின்றவர்களின் மூச்சு அவளுக்குக் கேட்டது. ஆரோ ஒருவர் இந்தக் குழிக்குள் இறங்கி, அந்த முதுகை நினைத்து, அளந்து பார்க்காமலே அளவு தெரிந்து, தோண்டியிருக்கிறார். தோண்டியபின் கரடு முதுகில் குத்தும் என்று நினைத்து மெழுகியிருக்கிறார். செத்தவருக்குக் குத்தாது என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? மூடினால் இனி ஒருத்தரும் காணப்போவதில்லை என்றும் தெரிந்துதான் செய்திருக்கிறார். அவளுடைய கண்கள் நிறைந்து, எல்லாம் கலங்கித் தெரிந்தன.

"ஐயா," என்றான் ஏரம்பு. அவன் கரிந்த அடிக்கட்டைகள் பரந்து கிடந்த தன் காணிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். "அங்கால எத்தினை கல்லு நான் புரட்டினனான். சட்டியைக் கண்டவுடன கையை விட்டு எடுத்துப்போடுவன். மற்றதுகளில இப்பிடி ஏதும் இருந்ததோ எண்டு நான் பாக்கேல்லை."

ஐயாத்துரையும் அந்தப் பக்கம் பார்த்தார். தூரிகையைப் பிடித்த கை தாழ்ந்தது. அலுமாரியின் தட்டுகள் அவருடைய மனதில் ஓடியிருக்க வேண்டும். விமலேஸ்வரிக்கு வாழையடியும் அங்கே கொட்டிய வெள்ளைத் துணுக்குகளும் ஓடின.

முதலில் பேசியவர் சிற்றம்பலம். "வானம் இருளுது. நாளைக்கு ஓவசியர் வந்தால் கல்லுச் சல்லியாப் போயிடும். சட்டியளையும் மணியையும் இப்பவே எடுப்பம். மண்டையோட்டையும் எடுப்பம். நான் பத்திரமாக் கொண்டுபோறன். இஞ்ச விட்டால் மழை அழிக்கும், இல்லாட்டி ஆரும் அழிப்பினம். நாங்கள் காப்பாத்தாமல் ஆர் காப்பாத்துறது?"

அவர் சொன்னதில் பொய்யில்லை என்பதுதான் விமலேஸ்வரிக்குக் கஷ்டமாக இருந்தது. எதை எடுத்து எங்கே வைத்தாலும் அவர் அதைத் தன் கண்ணைப்போலப் பார்ப்பார்.

"சட்டியை எடுக்கலாம், மணியையும் எடுக்கலாம்," என்றாள். "அந்தப் பள்ளத்தை எப்பிடி எடுக்கிறது, ஐயா?"

சிற்றம்பலம் குனிந்து அந்தப் பள்ளத்தைப் பார்த்தார்.

"எடுக்க ஏலாது," என்றாள். "ஆளைத் தூக்கினவுடன அது வெறும் குழி. மணியைத் தூக்கினவுடன அது வெறும் மணி. என்ர கழுத்தில கிடக்கிறதைப்போல."

"தங்கச்சி, நீங்கள் சொல்லுறது விளங்குது. ஆனால் இது எங்கட ஆக்கள் இஞ்ச இருந்ததுக்கு அத்தாட்சி. எனக்கு எல்லாம் போச்சு. ஒரு அத்தாட்சியாவது—"

ஐயாத்துரை வாய்க்காலுக்குள்ளிருந்து நிமிர்ந்தார். நெஞ்செல்லாம் சிவப்புச் சேறு. "இவர் எங்கட ஆள்தானோ எண்டு எனக்குத் தெரியாது, பிரக்கிராசியார். இருக்கலாம். ஆனால் ஆரோ ஒருத்தரின்ர ஆள். அது மட்டும் நல்லாத் தெரியுது."

சிற்றம்பலம் குழிக்குள் பார்த்தபடி நின்றார். தூரத்தில் இடி உருண்டது. விமலேஸ்வரி தாளை விரித்து வரையத் தொடங்கினாள். இந்த முறை எதையும் வெள்ளை வெளியில் தனியாக நிறுத்த முடியவில்லை. சட்டியை வரைய அதன் திருகணை வேண்டியிருந்தது, திருகணைக்குத் தரை, தரைக்கு அந்த மனிதர். மணிகளை அவை கிடந்த ஒழுங்கில் ஒன்றும் தவறாமல் வரைந்தாள். விரல்கோடுகளுக்கு வந்தபோது மழை தூறத் தொடங்கியது. தாளில் விழவில்லை என்று கண்டு நிமிர்ந்தாள். ஏரம்பு எங்கிருந்தோ ஒரு படங்குச் சீலையைக் கொண்டுவந்து அவளுக்கு மேலே பிடித்திருந்தான். எதிரே சிற்றம்பலம் தன்னுடைய கறுப்புக் குடையை விரித்து, கையை முடிந்தவரை நீட்டி, குழிக்குள் கிடந்தவரின் முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார். மழை அவருடைய தலையிலும் கண்ணாடியிலும் வழிந்தது. துடைக்கவும் இல்லை.

அவள் முடிக்கும்வரை அப்படியே நின்றார். பிறகு, "மூடுங்கோ," என்றார்.

கல் திரும்பவும் ஏறியது. இடுக்குகளுக்குப் பிசைந்த களிமண்ணை எல்லோருமாக அப்பினார்கள். மேலே மண் போட்டு மிதிக்க ஒருவருக்கும் கால் வரவில்லை. கையால் தட்டி இறுக்கினார்கள்.

காருக்கு நடக்கும்போது சிற்றம்பலம் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். "ஊர்ப்பேர் போடேல்லையே."

"போட்டால் அலவாங்கோட வருவினம்."

"போடாட்டி ஒருத்தரும் நம்பமாட்டினம், தங்கச்சி."

"ஓம்," என்றாள். "அதுவும் உண்மைதான்."

அவர் படத்தைத் திருப்பித் தர நீட்டினார். அவள் வாங்கவில்லை. வீட்டுக்குப் போய் நினைவிலிருந்து தனக்கொன்று வரைய முடியும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவர் அதைக் கோட்டுக்குள் வைத்து மேலே கையை அழுத்திப் பிடித்தபடி காரில் ஏறினார். பத்திரிகையில் அந்தப் படம் வரவில்லை. அவருடைய கட்டுரைகளும் அதற்குப் பிறகு வரவில்லை. யாழ்ப்பாணத்தில் அவருடைய வீட்டுக்குப் போன ஒருவர், கட்டிலுக்கு நேரே சுவரில் அது மாட்டியிருந்ததாகச் சொன்னார்.

மறுநாள் ஓவசியர் வந்தபோது ஏரம்பு அந்த மேட்டின்மேல் இருந்தான். வாய்க்காலை விலத்திக் கொண்டுபோகச் சொன்னான். விலத்துவதென்றால் அவனுடைய காணிக்குள்ளால்தான் போக வேண்டும், நல்ல வயல் மண் போய்விடும் என்று ஓவசியர் விளங்கப்படுத்தினார். வாய்க்கால் வளைந்தால் தண்ணீர் அந்த முடக்கில் கரையை அரிக்கும், ஒருநாளைக்கு எல்லாம் சேர்ந்து போகும் என்றும் சொன்னார். "போற நேரம் பாப்பம், ஐயா," என்றான் ஏரம்பு. அவனுடைய பெண்சாதி சிவனேஸ்வரி மூன்று நாள் அவனோடு பேசவில்லை. பிறகு அவளும் மண்வெட்டியோடு வந்து வெட்டினாள்.

ஐயாத்துரை அதற்குப் பிறகு சட்டி வாங்குவதை நிறுத்தினார். அது நினைத்ததுபோல இலேசாக இருக்கவில்லை. பிரசவம் பார்த்த வீட்டுக்காரர் ஒருவர் கொண்டுவந்த பானையை வேண்டாமென்றபோது அந்த மனிதரின் முகம் செத்துப்போயிற்று. அந்தப் பானையைப் பிறகு வீதியில் நின்ற ஒரு ஜீப்பில் விமலேஸ்வரி கண்டாள், பின்னிருக்கையில், வைக்கோலுக்குள். கல்லுகள் இன்னும் புரண்டுகொண்டுதான் இருந்தன. மாலையை அவள் கழற்றி நூலை அறுத்தாள். மணிகள் மேசையில் உருண்டன. எந்தக் கல்லுக்குக் கீழிருந்து எது வந்தது என்று ஏரம்புவைக் கேட்டாள். அவன் யோசித்துப் பார்த்துத் தெரியாதென்று தலையை ஆட்டினான். திருப்பிக் கொடுப்பதற்கு ஒரு கழுத்து இருக்கவில்லை. அவற்றை ஒரு மருந்துக் குப்பியில் போட்டு, சட்டிகளுக்கு நடுவே வைத்து, அலுமாரியைப் பூட்டினாள். அலுமாரியை என்ன செய்வது என்று இருவரும் பேசத் தொடங்குவார்கள். பேச்சு ஒவ்வொரு முறையும் நடுவில் நின்றுபோகும்.

குளத்துக் கதவு திறந்த அன்று கொலனி முழுவதும் புது வாய்க்காலின் இரு கரையிலும் நின்றது. அவர்கள் வெட்டிய வாய்க்காலில் முதன்முதலாகத் தண்ணீர் வரப்போகிறது. தேங்காய் உடைத்தார்கள். ஐயாத்துரையும் விமலேஸ்வரியும் முடக்குக்குப் பக்கத்தில் நின்றார்கள். ஏரம்பு மண்வெட்டியோடு வாய்க்காலுக்குள் இறங்கிக் கரையோடு சாய்ந்து நின்றான். மேற்கே சத்தம் கேட்டது. பிறகு தண்ணீர் தெரிந்தது. வேகமாக வரவில்லை. நுரையையும் சருகையும் ஒரு செத்த ஓணானையும் முன்னால் தள்ளிக்கொண்டு, காய்ந்த மண்ணின் ஒவ்வொரு வெடிப்புக்குள்ளும் இறங்கி, நிரப்பி, மறுபடி எழும்பி ஊர்ந்து வந்தது. பிள்ளைகள் கத்தினார்கள். முடக்குக்கு வந்ததும் அது, அந்தக் கல்லை மறைத்து நின்ற புதுக் கரையில் முட்டி நின்றது. பின்னால் வந்த தண்ணீர் அதன்மேல் ஏறியது. சருகுகள் ஒரே இடத்தில் சுழன்றன. மட்டம் ஏரம்புவின் கணுக்காலிலிருந்து முழங்காலுக்கு வந்தது. கரையின் ஈரம் மேலே மேலே ஏறிக் கறுத்தது. சிவனேஸ்வரி கத்திக்கொண்டிருந்த பிள்ளைகளைக் கையமர்த்தினாள். எல்லோரும் அந்த மண்ணையே பார்த்துக்கொண்டு நிற்க, தண்ணீர் இன்னும் எந்தப் பக்கமும் போகாமல், சுழன்று சுழன்று உயர்ந்துகொண்டிருந்தது.